ரசாயனத் தொழிற்சாலைக் கழிவின் கதி எங்கே முடிவாகிறது?

ரசாயனத் தொழிற்சாலைகளில் முக்கியப் பொருளோடு சேர்ந்து உருவாகும் துணைப்பொருள்களையும் கழிவுகளையும் எப்படிக் கையாள்கிறார்கள், இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகும் கழிவே இல்லாமல் உற்பத்தி செய்ய ஏன் முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலோர் இதற்கான விடையைத் தொழிற்சாலையின் பின்புறத்தில், அதாவது சுத்திகரிப்பு நிலையத்திலும் எரியுலையிலும் புகைபோக்கியிலும் தேடுகிறார்கள். ஆனால் கழிவின் கதி அதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. எந்த வினைவழியில் பொருளைத் தயாரிப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது ஒரு பாதியும், வினை நடக்கும் கலனான ரியாக்டரிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு திரவ, வாயு ஓட்டத்தையும் எந்தக் குழாயில் விடுவது என்று தீர்மானிக்கும்போது மறு பாதியும் முடிவாகின்றன. பின்னால் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் அந்த முடிவுகளின் சுமையைத் தாங்குகிறதே தவிர, அவற்றை மாற்றும் சக்தி அதற்கு இல்லை.

முதலில் கழிவு ஏன் உருவாகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சாயங்களுக்கும் மருந்துகளுக்கும் மூலப்பொருளாகும் அனிலினை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரோபென்சீனை இரும்புத் துருவலோடு சேர்த்து ஒடுக்குவது, அதாவது அதிலுள்ள ஆக்சிஜனை நீக்குவது, பழைய முறை. சமன்பாட்டின்படி மட்டும் பார்த்தாலே ஒரு கிலோ அனிலினுக்கு ஏறத்தாழ 1.35 கிலோ இரும்பு செலவாகி, 1.87 கிலோ இரும்பு ஆக்சைடு கசடாக வெளியே வரும். இயக்குபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், இயந்திரம் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இந்த எண் குறையாது, ஏனென்றால் அது வினையின் சமன்பாட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே நைட்ரோபென்சீனை வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனால் ஒடுக்கினால், ஒரு கிலோ அனிலினுக்கு 0.39 கிலோ தண்ணீர் மட்டுமே உடன் உருவாகும். பொருள் ஒன்றே, தரமும் ஒன்றே. வழி மாறியதால் கருங்கசடு நின்று தண்ணீர் வந்தது. பெரிய அளவில் அனிலின் செய்பவர்கள் இன்று ஹைட்ரஜன் வழிக்கு வந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

சமன்பாடு சொல்லும் துணைப்பொருள் கணக்கில் ஒரு பகுதிதான். பக்கவினைகளில் உருவாகும் தேவையற்ற மூலக்கூறுகள், வினை முழுமையடையாமல் மீந்த மூலப்பொருள், அமிலத்தைக் காரத்தால் நடுநிலையாக்கும்போது பிறக்கும் உப்பு, பொருளைக் கழுவிய தண்ணீர், செயலிழந்த வினையூக்கி, நிறம் நீக்கப் பயன்பட்ட கரித்தூள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கரைப்பான்கள் என்று பட்டியல் நீளும். ரோஜர் ஷெல்டன் என்ற வேதியியலாளர் 1992-இல் இதற்கு ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தார்: ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்பதே அது. அவர் தொகுத்துக் காட்டியபடி பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அந்த எண் 0.1 அளவில் இருக்கிறது. பேரளவு ரசாயனங்களில் 1 முதல் 5 வரை. சிறிய அளவில் செய்யும் நுண் ரசாயனங்களில் 5 முதல் 50 வரை. மருந்து உற்பத்தியிலோ 25 முதல் 100-க்கு மேலும் போகிறது. பிரம்மாண்டமாகத் தெரியும் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையைவிட, சின்னச் சின்ன ரியாக்டர்களில் பல படிகளாக மருந்து மூலப்பொருள் செய்யும் கூடம் ஒவ்வொரு கிலோவுக்கும் பல மடங்கு கழிவை உண்டாக்குகிறது என்பது புதிதாகத் துறைக்கு வருபவர்கள் பலருக்கு அதிர்ச்சியாகவே இருக்கிறது. மொத்த டன் கணக்கு வேறு, ஒரு கிலோவுக்கான கணக்கு வேறு. இரண்டையும் பார்க்காமல் யார் அதிகம் மாசுபடுத்துகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது.

இனி, துணைப்பொருள் எது, கழிவு எது என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டப்புத்தகங்கள் தரும் வரையறையைவிட, சோடா உப்பின் (சோடியம் கார்பனேட்) வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும் என்பது என் எண்ணம். பிரான்சில் நிக்கோலா லெப்ளான் 1791-இல் காப்புரிமை பெற்ற முறையில், சாதாரண உப்பைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கிச் சோடியம் சல்ஃபேட் செய்து, அதைக் கரியோடும் சுண்ணாம்புக் கல்லோடும் உலையில் இட்டுச் சோடியம் கார்பனேட் எடுத்தார்கள். சோப்பு, கண்ணாடி, துணி ஆகிய மூன்று தொழில்களுக்கும் உயிர்நாடியான பொருள் அது. ஆனால் ஒரு டன் சோடாவுக்கு ஏறத்தாழ 0.7 டன் ஹைட்ரஜன் குளோரைடு வாயு புகைபோக்கி வழியாக வெளியேறியது. பிரிட்டனில் தொழிற்சாலைகளைச் சுற்றியிருந்த மரங்கள் பட்டுப்போயின, பயிர்கள் கருகின. போதாக்குறைக்குக் கால்சியம் சல்ஃபைடு கலந்த கசடு மலைமலையாகக் குவிந்து, மழை பட்டபோதெல்லாம் அழுகிய முட்டை நாற்றத்தை எழுப்பிக்கொண்டிருந்தது.

வில்லியம் காசேஜ் 1836-லேயே அந்த வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பிடிக்கும் கோபுரத்தை வடிவமைத்திருந்தார். இருந்தும் எல்லாத் தொழிற்சாலைகளும் அதைக் கட்டிவிடவில்லை. 1863-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஆல்கலி சட்டம், வாயுவில் 95 சதவீதத்தையாவது பிடித்தாக வேண்டும் என்று எண்ணைப் போட்டுக் கட்டாயமாக்கிய பிறகே நிலைமை மாறியது. அப்படிப் பிடித்த அமிலத்தைப் பலர் அப்படியே ஆற்றில் விட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காற்றில் இருந்த துன்பம் தண்ணீருக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் வால்டர் வெல்டனும் ஹென்றி டீக்கனும் தனித்தனியே அந்த அமிலத்திலிருந்து குளோரின் எடுக்கும் முறைகளைக் கண்டார்கள். குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றினால் வெளுப்புத்தூள். நெசவுத் தொழில் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. நேற்றுவரை வழக்குப் போட வைத்த வாயு இன்று இலாபம் தரும் சரக்காகிவிட்டது. பின்னர் அம்மோனியாவின் துணையோடு உப்புநீரிலிருந்து சோடா எடுக்கும் சால்வே முறை மலிவாகச் சோடாவைக் கொண்டுவந்தபோது, லெப்ளான் தொழிற்சாலைகள் இன்னும் சில பத்தாண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்தக் குளோரின் வருமானம் பெருந்துணையாக இருந்தது. மூலக்கூறு மாறவில்லை. அதை வாங்க ஆளும், அதை மாற்றும் முறையும், வெளியே விடக் கூடாது என்ற சட்டமும் ஒன்றுசேர்ந்தபோது கழிவு துணைப்பொருளானது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது மறுபடி கழிவுதான்.

சால்வே முறையும் கழிவற்றதாக இருக்கவில்லை. அங்கே ஒவ்வொரு டன் சோடாவுக்கும் ஒரு டன்னுக்குச் சற்று மேலாகக் கால்சியம் குளோரைடு உருவாகிறது. பனி உருக்கவும் மண்சாலையில் தூசு அடக்கவும் அது பயன்படும் என்றாலும், உலகம் வாங்கும் அளவைவிட உருவாகும் அளவு மிக அதிகம் என்பதால் பெரும்பகுதி உப்புநீராகவே வெளியேறுகிறது. பயன் உண்டு என்பது வேறு, உருவாகும் முழு அளவுக்கும் சந்தை உண்டு என்பது வேறு.

துணைப்பொருளை வினைக்குள்ளேயே திருப்பி விடுவதுதான் எனக்குத் தெரிந்த மிக நேர்த்தியான தீர்வு. பி.வி.சி. பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு உற்பத்தியில் இதைப் பார்க்கலாம். எத்திலீனில் குளோரினை ஏற்றி, அதைச் சூட்டில் பிளந்தால் ஒரு டன் வினைல் குளோரைடோடு 0.58 டன் ஹைட்ரஜன் குளோரைடும் வரும். அதை நடுநிலையாக்கி உப்பாக்கி எறிவதற்குப் பதிலாக, ஆக்சிஜனோடும் புதிய எத்திலீனோடும் சேர்த்து வேறொரு ரியாக்டரில் மறுபடி அதே இடைப்பொருளாக மாற்றிவிடுகிறார்கள். இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று சமன்செய்வதால் குளோரின் ஏறத்தாழ முழுவதும் பொருளிலேயே சேர்கிறது; உடன் வருவது தண்ணீர். பாலியூரித்தேன் நுரைக்கு வேண்டிய ஐசோசயனேட்டுகளைச் செய்யும்போதும் ஏராளமான ஹைட்ரஜன் குளோரைடு வருகிறது. அதிலிருந்து குளோரினை மீட்க, டீக்கனின் பழைய வினையையே ருத்தேனியம் வினையூக்கியோடு சில நிறுவனங்கள் இப்போது மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கின்றன.

விற்பனையை நம்பியிருக்கும் ஏற்பாட்டில் வேறொரு சிக்கல் உண்டு. கியூமீன் வழியில் ஃபீனால் செய்தால் ஒவ்வொரு டன்னுக்கும் 0.6 டன் அசிட்டோன் கூடவே வரும். உப்புநீரை மின்னாற்பகுத்தால் ஒரு டன் குளோரினோடு 1.13 டன் காஸ்டிக் சோடாவும் 28 கிலோ ஹைட்ரஜனும் வரும். ஒன்றுக்குத் தேவை கூடும்போது மற்றதற்கும் கூட வேண்டும் என்ற கட்டாயம் சந்தைக்கு இல்லை. குளோரினைச் சேமித்து வைப்பதும் ஆபத்து என்பதால், அதை வாங்குபவர் நின்றுவிட்டால் காஸ்டிக் உற்பத்தியும் குறைய வேண்டியதுதான். ஆகவே துணைப்பொருளை விற்கப் போகிறோம் என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், யாருக்கு, எந்தத் தரத்தில், வாங்குபவர் ஆறு மாதம் வராவிட்டால் எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கும் அதில் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த வரியைக் கழிவுக் கணக்கில் வைத்துப் படிப்பதே பாதுகாப்பு.

தரம் என்பது இங்கே உயிரான விஷயம். பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போது ஒரு டன் பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்குச் சுமார் 5 டன் ஜிப்சம் உருவாகிறது. ஜிப்சம் என்றால் சுவர்ப்பலகைக்கும் சிமென்டுக்கும் வேண்டிய பொருள்தானே என்று தோன்றும். ஆனால் பாஸ்பேட் பாறையில் இயல்பாகவே இருக்கும் ரேடியம் அதில் தங்கிவிடுகிறது. மீந்த அமிலமும் ஃபுளோரைடும்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் உலகின் பல இடங்களில் அது குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. இதற்கு நேரெதிரான உதாரணம் மேலே சொன்ன அனிலின் கசடிலேயே இருக்கிறது. 1925-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் லாக்ஸ் என்ற வேதியியலாளர், அந்த இரும்பு ஒடுக்க வினையில் சேர்க்கும் உப்பையும் வினைச்சூழலையும் மாற்றியமைத்தால், கசடே சீரான மஞ்சள், கறுப்பு நிறமிகளாக வெளிவரும் என்று கண்டார். கசடு உருவான பிறகு அதை என்ன செய்வது என்று யோசிக்காமல், விற்கத்தக்க வடிவில் அது உருவாகும்படி வினையையே திருத்தினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

தொழிற்சாலைக்குள் நாள்தோறும் நடப்பதற்கு வருகிறேன். என்னிடம் ஒரே ஒரு விதியைச் சொல்லச் சொன்னால், ஓட்டங்களைக் கலக்காதீர்கள் என்பேன். வேகமாகச் சுழன்று திரவத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு சென்ட்ரிஃபியூஜை நினைத்துக்கொள்ளுங்கள். படிகமான பொருளும் திரவமும் கலந்த குழம்பு உள்ளே விழுகிறது. கூடை சுழலச் சுழல முதலில் வெளியேறுவது தாய்க்கரைசல், அதாவது படிகம் பிரிந்த பிறகு மீந்த திரவம். அடர் பழுப்பு நிறத்தில், கரைப்பான் வாடை தூக்கலாக, மீந்த பொருளும் மாசுகளும் செறிந்து அது வரும். பிறகு படிகத்தைக் கழுவத் தண்ணீர் தெளிப்பார்கள். அந்தக் கழுவுநீர் முதலில் வெளுத்த தேநீர் நிறத்தில் வந்து, சில நிமிடங்களில் தெளிந்துவிடும். கீழே ஒரே குழாய் இருந்தால் இரண்டும் ஒரே தொட்டியில் சேரும். அப்படிச் சேர்ந்தது கரைப்பானை மீட்க முடியாத அளவு நீர்த்தும், நுண்ணுயிர்த் தொட்டிக்கு அனுப்ப முடியாத அளவு செறிந்தும் இருக்கும். கீழே இரண்டு வால்வுகளும் இரண்டு தொட்டிகளும் வைத்து, நிறம் மாறும் கணத்தில் இயக்குபவர் வால்வைத் திருப்பினால், சிறிய அளவிலான செறிந்த திரவம் காய்ச்சி வடித்தலுக்கும், பெரிய அளவிலான நீர்த்த திரவம் சுத்திகரிப்புக்கும் போகும். செலவு ஒரு வால்வும் ஒரு தொட்டியும். பல கோடியில் கட்டிய சுத்திகரிப்பு நிலையம் தடுமாறும் இடங்களில் விசாரித்தால், கோளாறு பெரும்பாலும் இப்படிப்பட்ட ஒரு குழாயில்தான் தொடங்கியிருக்கும். அந்த வால்வைத் திருப்புபவருக்கு அது ஏன் முக்கியம் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதையும் நான் இதே அளவு அழுத்தமாகச் சொல்வேன்.

நீர்க்கழிவில் ஒவ்வொரு வகைக்கும் தனி வைத்தியம். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, தண்ணீரில் எளிதில் கரையக்கூடியது. அமிலத்தன்மையை 2 முதல் 3 வரையிலான பி.எச். அளவுக்குக் கொண்டுவந்து, சோடியம் பைசல்ஃபைட்டோ ஃபெரஸ் சல்ஃபேட்டோ சேர்த்து அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டு, பிறகு காரம் சேர்த்து 8 முதல் 9 வரை உயர்த்தினால் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். காரம் மிஞ்சிப்போனால் படிந்தது மறுபடி கரையத் தொடங்கும் என்பதால் மீட்டரைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் செய்ய வேண்டும். இதற்குப் பயன்படும் ஃபெரஸ் சல்ஃபேட்டே டைட்டானியம் டையாக்சைடை சல்ஃபேட் முறையில் செய்யும்போது மலையாகக் கிடைக்கும் துணைப்பொருள். ஒரு தொழிலின் மீதம் இன்னொரு தொழிலின் நஞ்சை முறிக்கிறது.

கரிமப் பொருள்களை உண்ணும் நுண்ணுயிர்த் தொட்டிகள் மலிவானவை, நம்பகமானவை. ஆனால் உப்பு அதிகமானாலோ, நச்சுப்பொருள் திடீரென்று வந்தாலோ நுண்ணுயிர்கள் செத்துவிடும். மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். உப்பு தனிப் பெரும்பிரச்சினை. உயிரி முறையாலும் வேதி முறையாலும் சோடியம் குளோரைடை அழிக்க முடியாது. திரவக் கழிவே வெளியேறக் கூடாது என்ற விதி உள்ள இடங்களில் எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) சவ்வுகளில் தண்ணீரைப் பிரித்து, மிச்சத்தைப் பல கட்ட ஆவியாக்கிகளில் காய்ச்சி உப்பாக உலர்த்துகிறார்கள். தண்ணீர் திரும்பக் கிடைப்பது உண்மையான நன்மை. ஆனால் அதற்கு நீராவியும் மின்சாரமும் நிறையச் செலவாகின்றன. கடைசியில் கிடைப்பது பல உப்புகளும் கரிமக் கறைகளும் கலந்த பழுப்புத் தூள், அதை வாங்க ஆளில்லை. கொட்டகையில் அடுக்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மூலத்திலேயே சல்ஃபேட் ஓட்டத்தையும் குளோரைடு ஓட்டத்தையும் பிரித்து வைத்திருந்தால் இரண்டும் தனித்தனியே விற்கத்தக்க உப்பாகியிருக்கக்கூடும். நீர்த்து விடுவதை இங்கே நான் ஒரு முறையாகவே குறிப்பிடவில்லை. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வரம்பை நல்ல தண்ணீர் கலந்து எட்டுவது, ஆற்றுக்குப் போகும் நஞ்சின் மொத்த எடையில் ஒரு கிராமைக்கூடக் குறைப்பதில்லை.

கரைப்பான்களைக் காய்ச்சி வடித்து மீட்ட பிறகு அடியில் தார் போன்ற மீதம் தங்கும். அதற்கு வெப்ப ஆற்றல் மதிப்பு உண்டு என்பதால் எரியுலைக்கோ சிமென்ட் சூளைக்கோ போகிறது. ஐரோப்பிய விதிகள் எரிதலில் உண்டாகும் வாயு குறைந்தது 2 விநாடிகள் 850 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்றும், ஹாலஜன் (குளோரின் போன்ற தனிமங்கள்) கலந்த கரிமப்பொருள் குளோரின் கணக்கில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 1100 டிகிரி வேண்டும் என்றும் சொல்கின்றன. வெப்பநிலையைப் பற்றிப் பேசுபவர்கள் குளிர்விப்பதை மறந்துவிடுகிறார்கள். நன்றாக எரிந்து முடிந்த வாயுகூட 450-லிருந்து 200 டிகிரி வரையிலான இடைவெளியில் மெதுவாகக் குளிர்ந்தால், சாம்பல் துகளில் உள்ள கரியும் செம்பும் குளோரினும் சேர்ந்து கடும் நச்சான டையாக்சின்களைப் புதிதாக உண்டாக்கிவிடும். அதனால் நல்ல எரியுலைகளில் தண்ணீர் தெளித்து வாயுவை நொடிப்பொழுதில் அந்த இடைவெளியைத் தாண்ட வைப்பார்கள். சிமென்ட் சூளையில் சுடர் 2000 டிகிரியை எட்டும், உள்ளே இருக்கும் சுண்ணாம்பு அமில வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். எனினும் குளோரின் கூடினால் சூளைக்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், பாதரசம் போன்ற ஆவியாகும் உலோகங்கள் புகையோடு போய்விடும். ஆகவே எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்ற ஆய்வக அறிக்கை இல்லாமல் ஒரு டிரம்கூட உள்ளே போகக் கூடாது.

வாயுக் கழிவில் கண்ணுக்குத் தெரியாததே பெரும்பாலும் பெரிது. நைலானுக்கு வேண்டிய அடிபிக் அமிலத்தை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றி எடுக்கும்போது, ஒரு டன்னுக்குச் சுமார் 300 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகிறது. நிறமில்லை, எரிச்சல் இல்லை, அருகில் யாரும் புகார் செய்யமாட்டார்கள். ஆனால் வெப்பமேற்றும் திறனில் அது கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 270 மடங்கு. சூட்டிலோ வினையூக்கியிலோ அதை நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடலாம். இதைவிட எளிதாகக் கிடைக்கும் காலநிலைப் பலன் ரசாயனத் தொழிலில் குறைவு. எச்.எஃப்.சி.-23 என்ற வாயுவின் கதையில் பாடம் வேறு. குளிர்பதனத் திரவமான எச்.சி.எஃப்.சி.-22 தயாரிப்பில் சிறு அளவில் வரும் துணைப்பொருள் இது. கரியமில வாயுவைப் போல 12,000 மடங்குக்கு மேல் வெப்பமேற்றும். அதை எரித்தழிப்பதற்கு, காலநிலை மாற்றத்துக்கான கியோட்டோ ஒப்பந்த ஏற்பாட்டின்கீழ் கார்பன் வரவுகள், அதாவது சந்தையில் விற்கத்தக்க உமிழ்வுக் குறைப்புச் சான்றுகள், கொடுத்தார்கள். எரிப்பதற்கான செலவோ மிகச் சொற்பம், வரவின் வருமானமோ மிகப் பெரிது என்பதால், கழிவை அழித்துக் காசு பார்ப்பதற்காகவே முக்கியப் பொருளைக் கூடுதலாகச் செய்யும் தூண்டுதல் உருவானது. 2013-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தன் சந்தையில் அந்த வரவுகளை ஏற்பதை நிறுத்தியது. ஓசோன் பாதுகாப்புக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் 2016-இல் செய்த கிகாலி திருத்தம் அதை அழிப்பதைக் கடமையாகவே ஆக்கியது. கழிவை அழிப்பவருக்குப் பரிசு தரும் எந்தத் திட்டத்தையும், கழிவை உண்டாக்குவதே இலாபமாகிவிடுமா என்று சோதித்துப் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

அளவு சிறியது என்பதால் அலட்சியப்படுத்தக் கூடாதவற்றுக்கு மினமாட்டாவைத் தவிர வேறு சான்று வேண்டியதில்லை. ஜப்பானில் அந்த ஊரில் இருந்த சிஸ்ஸோ தொழிற்சாலை அசிட்டிலீனிலிருந்து அசிட்டால்டிஹைடு செய்யப் பாதரச சல்ஃபேட்டை வினையூக்கியாக வைத்திருந்தது. பக்கவினையில் மிகச் சிறிய பங்கு மெத்தில் பாதரசமாகி, கழிவுநீரோடு விரிகுடாவில் கலந்து, மீனில் செறிந்து, மீனவக் குடும்பங்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. நோய் 1956-இல் அதிகாரப்பூர்வமாக அறியப்பட்டது. அந்த உற்பத்தி நின்றதும் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968-இல். இடையில் போன அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. உற்பத்திக் கணக்கில் வராத, யாரும் விலைபோடாத ஒரு பக்கப்பொருள் அது. அதனால்தான் ஒரு வினையின் கழிவு ஓட்டத்தை ஆராயும்போது எதிர்பார்க்கும் பொருள்களை மட்டும் அளந்துவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பகுப்பாய்வு வரைபடத்தில் தென்படும் பெயர் தெரியாத ஒவ்வொரு சிறு முகட்டுக்கும் அடையாளம் தேட வேண்டும்.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு மிஞ்சுவது மண். உலோகக் கசடுகளைச் சிமென்டோடும் சுண்ணாம்போடும் கலந்து இறுகவைத்து, நீரில் எவ்வளவு கசிகிறது என்று சோதித்துவிட்டு, இரட்டைப் பாலித்தீன் விரிப்பும் களிமண் அடுக்கும் கசிவுநீர்க் குழாய்களும் கொண்ட குழியில் அடுக்கி மூடுகிறார்கள். அந்த விரிப்புக்கு ஆயுள் உண்டு, காட்மியத்துக்கும் ஈயத்துக்கும் ஆயுள் இல்லை. எனவே மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரைச் சோதித்துக்கொண்டே இருக்கும் பொறுப்பும் அதற்கான நிதியும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் லவ் கால்வாயில் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடி, அந்த நிலத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்குக் கைமாற்றினார்கள். மேலே பள்ளியும் சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. 1978-இல் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. இத்தகைய இடங்களைத் துப்புரவாக்கப் பொறுப்பாளியிடம் செலவை வசூலிக்கும் சட்டம் 1980-இல் வந்தது. தேக்கி வைப்பதும் இதே வகைதான்: 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்காவில் அலுமினா ஆலையின் சிவப்புச்சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து, கடும் காரமான சேறு கிராமங்களுக்குள் பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள்.

தற்காலிகச் சேமிப்பில்தான் அன்றாட ஆபத்து அதிகம். சயனைடு உள்ள கழிவோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு, சல்ஃபைடோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் குளோரின். நைட்ரிக் அமிலம் கரைப்பானோடு ஒரே டிரம்மில் சேர்ந்தால் சில மணி நேரம் அமைதியாக இருந்துவிட்டு வாயுவைக் கிளப்பி வெடிக்கும். மூடியும் அடித்தட்டும் வெளியே புடைத்து நிற்கும் டிரம்மைக் கண்டால் அதன் அருகில் போகவோ மூடியைத் திறக்கவோ கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பதிவேட்டிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பதிவேடும் டிரம்மின் மேல் ஒட்டிய லேபிளும் சரியாக இருந்தால்தான் இது நடக்கும். வாசலைத் தாண்டிய பிறகும் காகிதமே காவல். 1976-இல் இத்தாலியின் செவெசோ விபத்தில் டையாக்சின் பட்ட கழிவு அடங்கிய 41 டிரம்கள் 1982-இல் நாட்டைவிட்டு வெளியேறும் வழியில் எங்கே போயின என்று தெரியாமல் மறைந்து, அடுத்த ஆண்டு வடபிரான்சில் கைவிடப்பட்ட ஓர் இறைச்சிக்கூடத்தில் கிடைத்தன. எல்லை தாண்டும் ஆபத்தான கழிவுக்கு அனுப்பும் நாடும் பெறும் நாடும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்ப வேண்டும் என்ற 1989-இன் பாசல் உடன்படிக்கை உருவானதற்குப் பின்னால் இத்தகைய சம்பவங்கள் இருக்கின்றன.

வினைவழியை மாற்றுவதால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இபுபுரூஃபன் மருந்தைச் சொல்லலாம். 1960-களில் வந்த முறையில் ஆறு படிகள். உள்ளே போகும் அணுக்களின் எடையில் 40 சதவீதமே மருந்தில் சேர்ந்தது. அலுமினியம் குளோரைடு கிலோ கிலோவாகச் செலவாகிக் கசடானது. 1990-களில் வந்த மூன்று படி முறையில் அது 77 சதவீதம். உடன் கிடைக்கும் அசிட்டிக் அமிலத்தையும் மீட்டுக்கொண்டால் 99 சதவீதத்தை எட்டும். ஆனால் அதில் வினையூக்கியாகவும் கரைப்பானாகவும் இருப்பது ஹைட்ரஜன் ஃபுளோரைடு, கையாள மிகவும் அபாயமான பொருள். கழிவு குறைந்ததற்கு விலையாக, அதை மூடிய சுற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் கட்டுப்பாடு தேவைப்பட்டது. இத்தகைய மாற்றம் புதிய தொழிற்சாலையில்தான் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில், அதிலும் ஒப்புதல் பெற்ற மருந்தில், வழியை மாற்ற மறுபடி ஒப்புதலும் பெரும் முதலீடும் வேண்டும் என்பதால் பல நல்ல வழிகள் ஆய்வகத்தோடு நின்றுவிடுகின்றன.

உங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலை இருந்தால், அங்கே முதலில் கேட்க வேண்டியது பொருள் சமநிலைக் கணக்கு. ஒரு முறை நடக்கும் உற்பத்திக்குள் போன ஒவ்வொரு பொருளின் எடை ஒரு பக்கம். வெளியே வந்த பொருள், துணைப்பொருள், கழிவுநீர், கசடு, வாயு ஒவ்வொன்றின் எடை மறுபக்கம். இரண்டு பக்கமும் பொதுவாக ஒத்துவராது. டொலுயீன் என்ற கரைப்பான் 1000 கிலோ உள்ளே போய், மீட்டது 900, எரியுலைக்குப் போனது 40, கழிவுநீரில் 10 என்று கணக்கு நின்றால், எஞ்சிய 50 கிலோ காற்றில் போயிருக்கிறது என்று முதலில் கொள்ளுங்கள். பிறகு ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சரின் குளிர்நீர் வெப்பநிலையையும், தொட்டிகளின் காற்றுப்போக்கிக் குழாய்களையும், சென்ட்ரிஃபியூஜின் மூடியையும் அந்த வரிசையிலேயே போய்ப் பாருங்கள்.